கணக்கில் வராத பேரிங்குகள்

எங்கள் கம்ப்யூட்டர் அறைக்குள் வர வேண்டுமென்றால் செருப்பைக் கழற்ற வேண்டும். தூசி பட்டால் மிஷின் படுத்துவிடும் என்று விற்றவர்கள் பயமுறுத்தியிருந்தார்கள். விளைவு, அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்த அந்தப் பம்பு கம்பெனியில் என்னைத் தேடி யாரும் உள்ளே வந்ததில்லை. இரும்பு முனை வைத்த பூட்ஸோடு காலையிலிருந்து நிற்கிற மனுஷன், கயிற்றை அவிழ்த்து, கட்டைவிரல் எட்டிப்பார்க்கிற சாக்ஸோடு ஒரு பொம்பளை முன்னால் வந்து நிற்பானா? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று ஜாடை காட்டிவிட்டுப் போவார்கள். நானும் இந்தப் பக்கமிருந்து தலையாட்டுவேன். கம்ப்யூட்டருக்கும் மற்ற பிரிவுகளுக்கும் அப்போது இருந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். மேஜை மேல் ஈ.டி.பி. மேனேஜர் என்று ஒரு பலகை, கம்ப்யூட்டர் பிரிவுக்கு அப்போது அதுதான் பெயர். எனக்குக் கீழே டேட்டா அடிக்கிற இரண்டு பெண்கள், காதைப் பிளக்கும் சத்தத்தில் ஓடுகிற ஒரு பிரின்டர். காலையில் ஆவடியில் கம்பெனி வேன் ஏறுவேன், சாயங்காலம் அதே வேனில் இறங்குவேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச். நடுவில் என்ன நினைத்தாய், என்ன ஆசைப்பட்டாய் என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. வேலை இருந்தது, செய்தேன்.

கம்பெனியை நடத்திவந்த அண்ணன் தம்பிகளுக்குள் ஒத்துப்போகவில்லை. பம்பாயில் இருந்த ஒரு பெரிய குழுமத்துக்கு விற்றுவிட்டார்கள். விஷயம் முதலில் கேன்டீனுக்குத் தெரிந்தது, பிறகு கேட் செக்யூரிட்டிக்கு, கடைசியாக எங்களுக்கு. வாங்கியவர்களுக்கு வடக்கே ஏற்கெனவே ஒரு பம்பு தொழிற்சாலை உண்டு. பாகங்களைச் சேர்த்துப் பம்பாக்குகிற அசெம்பிளி லைன் இரண்டு ஊரில் எதற்கு, ஓர் ஊரில் போதும் என்று அவர்கள் யோசிப்பதாக எங்கள் ஜெனரல் மேனேஜர் பிரிவுத் தலைவர்களைக் கூப்பிட்டுச் சொன்னார். ஒளிக்கவில்லை. எந்த ஊரில் கணக்கு சுத்தமாக இருக்கிறதோ அங்கேதான் லைன் இருக்கும், கணக்கு என்றால் இனிமேல் கம்ப்யூட்டர் கணக்கு, அதனால் எல்லாரும் மேடத்தோடு ஒத்துழையுங்கள் என்றார். மேடம் என்றால் நான். லைன் போனால் அதில் நிற்கிறவர்களும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதை அவர் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்ததைச் சொல்லிக்காட்ட வேண்டியதில்லை.

எல்லாப் பிரிவுக்காரர்களுக்கும் நான் பாடம் நடத்த ஏற்பாடு செய்தேன். கண்ணாடித் தாளில் கலர் பேனாவால் கட்டம் கட்டமாக வரைந்து, விளக்கைப் போட்டுச் சுவரில் பெரிதாகக் காட்டினேன். ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்கு அம்புக்குறி. எல்லாம் இங்கிலீஷில். புத்தகத்தில் படித்ததை அப்படியே ஒப்பித்தேன். இன்டக்ரேஷன் என்றேன். டிரான்ஸ்பரன்சி என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். அசெம்பிளி ஃபோர்மேன் மட்டும் ஆட்டவில்லை, அவர் தூங்கிக்கொண்டிருந்தார். முடிந்ததும் ஏதாவது சந்தேகம் உண்டா என்று கேட்டேன். ஃபேனைக் கொஞ்சம் குறைக்க முடியுமா, தாள் பறக்கிறது என்றார் பர்ச்சேஸ்காரர்.

அதற்குப் பிறகு கிணற்றில் போட்ட கல்தான். எந்தப் பிரிவிலிருந்தும் சரக்குக் கணக்கு எதுவும் வரவில்லை. நினைவூட்டி சுற்றறிக்கை அனுப்பினேன். அதன் பின்பக்கத்தில் யாரோ கேன்டீன் டோக்கன் கணக்குப் போட்டிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. அந்த வருஷத்தில் எனக்கு வந்த நல்ல கோபம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். நீங்கள் வரமாட்டீர்களா, சரி, நான் வருகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு, மிஷின்கள் ஓடுகிற ஷாப்புக்குள் போனேன்.

டீ வண்டி வருகிற நேரத்தில் போய் நிற்பேன். முதல் சில நாள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். பிறகு பழகிவிட்டது, சுவரோரம் நிற்கிற தீயணைப்பு வாளி மாதிரி என்னையும் விட்டுவிட்டார்கள். அப்போதுதான் கேட்டேன், அவர்கள் ஒருவரையொருவர் விசாரிப்பதே ஒரே விஷயத்தைத்தான். இன்றைக்கு என்ன இல்லை? சீல் இல்லையா, பெயின்ட் இல்லையா, கப்ளிங் இல்லையா? சாமான் இருக்கிறதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இவர்களிடம் போய்க் கட்டமும் அம்புக்குறியும் காட்டினோமே என்று எனக்கே அசிங்கமாக இருந்தது.

அடுத்த வாரத்திலிருந்து பேச்சை மாற்றிக்கொண்டேன். கம்ப்யூட்டர் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. ஸ்டோர்ஸ் சீட்டுகளைக் கூட்டிக் கழித்து, நாளைக்கு எது தீரப்போகிறது என்று காலையிலேயே ஒரு தாளில் அடித்து, டீ வண்டிப் பக்கத்தில் ஒட்டச் செய்தேன். மூன்றாவது தடவை அது பலித்தது. தாளில் இருந்தபடியே சீல் தீர்ந்தது. அதன் பிறகு, டீயை வாங்குவதற்கு முன்னால் தாளைப் பார்க்கிற பழக்கம் வந்தது. தாள் தப்பாக இருந்தால் திட்டினார்கள், திட்டிவிட்டு எது சரி என்றும் சொன்னார்கள். எனக்கு வேண்டியதும் அதுதான்.

அப்புறம் பேரிங் விவகாரம் வந்தது. ஸ்டோர்ஸில் பேரிங் சுத்தமாக இல்லை என்று தாள் சொன்னது. நானே போய்ப் பார்த்தேன், ரேக் காலி. ஆனால் லைன் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கும் ஓடியது, மறுநாளும் ஓடியது. பேரிங் இல்லாமல் பம்பு சுற்றாது என்று எனக்கே தெரியும்.

அசெம்பிளி ஃபோர்மேனிடம் போனேன். கூட்டத்தில் தூங்கினாரே, அவர்தான். நூம்பல்காரர், குமணன்சாவடியில் பஸ் இறங்கிப் போக வேண்டிய ஊர். தலைமுறை தலைமுறையாக விவசாயம் பார்த்த குடும்பம். நிலம் மனையாகி, மனை வீடாகி, அதிலும் யாரோ குடி வந்தாகிவிட்டது. அதைப் பற்றி அவருக்குத் துளி வருத்தமில்லை. சேற்றில் நின்ற காலுக்கு இந்த பூட்ஸ் சுகமாகக் கீது என்பார். லைனில் நிற்கிற பையன்களில் பாதிப் பேர் அவர் ஊரிலிருந்தும் அக்கம்பக்கத்திலிருந்தும் அவர் கூட்டிவந்து சேர்த்தவர்கள். யாருக்காவது விரல் நசுங்கினால் அவனுடைய அம்மா கம்பெனிக்கு வரமாட்டாள், இவர் வீட்டு வாசலுக்குத்தான் வருவாள்.

"இல்லாத பேரிங்க வெச்சு எப்படிங்க பம்பு வருது?" என்றேன்.

"அத்த இன்னாத்துக்கு மேடம் கேக்குறீங்க? பம்பு வந்துகினுதானே கீது."

"வருது. அதனாலதான் கேக்கறேன்."

அவர் கையைத் துணியில் துடைத்தார். அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்தார். "நீங்க ஒண்ணும் கேக்கல, நான் ஒண்ணும் சொல்லல. வாங்க."

லைனின் கோடியில் சாமி படம் வைத்த ஒரு மர அலமாரி உண்டு. வெள்ளிக்கிழமை மாலை போடுவார்கள், ஆயுத பூஜைக்குப் பொரி வைப்பார்கள். அதன் அடித்தட்டு சிவப்புத் துணியால் மூடியிருக்கும். பூஜைச் சாமான் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். ஆடிட்டர் வந்தால் அங்கே நின்று கும்பிட்டுவிட்டு அடுத்த ரேக்குக்குப் போவார். நான் கிறிஸ்தவப் பெண், தொட்டால் தப்பாகிவிடுமோ என்று அந்தப் பக்கம் போனதேயில்லை. அவர் பூட்ஸைக் கழற்றிவிட்டுத் துணியைத் தூக்கினார். உள்ளே எண்ணெய்த் தாளில் சுற்றிய பேரிங்குகள், அடுக்கடுக்காக.

"லாரி வர்ல, மழ பெஞ்சு ரோடு முழுகிப்போச்சு, லைன் நின்னுபோச்சுன்னு வைங்க. ஆரத் திட்றாங்க? ஸ்டோர்ஸ்காரனயா? என்னத்தான். அதான் கெடைக்கறப்போ கொஞ்சம் எட்த்து வெச்சுக்கிறது. நான் மட்டும் இல்ல மேடம். அல்லாரும்தான்."

எல்லாரும்தான். பெயின்ட் ஷாப்பில் பழைய டிரம்முக்குள். மிஷின் ஷாப்பில் கழிவுத் துணி மூட்டைக்கு அடியில். டெஸ்டிங்கில் பரண் மேல். ஒரு பிரிவு பதுக்குவது அடுத்த பிரிவுக்குத் தெரியும், யாரும் காட்டிக்கொடுக்கமாட்டார்கள். கெட்டுப்போன பாகம் என்று எழுதிவிட்டுப் புதிதாக வாங்கிச் சேர்த்துவைப்பது அங்கே தலைமுறையாக நடந்துவந்தது. திருட்டு இல்லை, ஒரு பேரிங்கூட வெளியே போனதில்லை. லைன் நிற்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் இந்தப் பதுக்கல் உள்ளே இருக்கிறவரை என் கணக்கு ஜென்மத்துக்கும் சரியாக வராது.

ஜெனரல் மேனேஜரிடம் சொன்னேன். யார் யார் என்று கேட்டார். அதைக் கேட்டால் ஒரு திருகாணிகூட வெளியே வராது, யாரையும் எதுவும் கேட்கமாட்டோம் என்று தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள் என்றேன். அப்போதே எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு ஒட்டினார். நல்ல மனுஷர்தான். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், கடைசிவரை யாரையும் எதுவும் கேட்கவில்லை.

நோட்டீஸைப் படித்துவிட்டு எல்லாரும் அசெம்பிளி ஃபோர்மேனைப் பார்த்தார்கள். அவர் எடுத்துவைத்தால் மற்றவர்களும் எடுத்துவைப்பார்கள். அவர் டீ கிளாஸோடு என்னிடம் வந்தார்.

"எல்லாத்தயும் வெளிய வெச்சுட்டா பசங்களுக்கு ஒண்ணும் ஆவாதே?"

"யாரையும் திட்டமாட்டாங்க. அதுக்கு நோட்டீஸ் இருக்கு. ஆனா லைன் இங்கயே இருக்குமான்னு கேட்டா எனக்குத் தெரியாதுங்க. கணக்கு தப்பா இருந்தா கண்டிப்பா இருக்காது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"லைன் போச்சுன்னா நான் ஊருக்குள்ள எப்டி மேடம் போவேன்? குமணன்சாவடில எறங்கி அப்டியே திரும்பிப் போவ வேண்டிதுதான்."

இருக்கும், கவலைப்படாதீங்க என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த மாதிரி பேச வராது. அவர் டீயைக் குடித்து முடித்தார்.

"மத்தவன் ஆரு வந்து கேட்டாலும் இருக்கும், இருக்கும்னுதான் சொல்லுவான். நீங்க தெரியாதுன்னு சொல்றீங்க. செரி, எட்த்துடலாம்."

லீவு நாளாகப் பார்த்து வேலையை வைத்துக்கொண்டோம். காலையிலிருந்து பாகங்கள் வெளியே வர ஆரம்பித்தன. முற்றத்தில் தார்ப்பாய் விரித்து வகைவகையாக அடுக்கினார்கள். டிரம்மைக் கவிழ்த்தார்கள், பரண் மேல் ஏறினார்கள். யாரோ மறந்தே போன சீல் மூட்டை ஒன்று பழைய லாக்கர் அறையிலிருந்து வந்தது, அதில் எலி குட்டி போட்டிருந்தது. ஒருவரை ஒருவர் கிண்டல் செய்துகொண்டார்கள். "இன்னா மாமே, கல்யாணத்துக்கு சீர் வெச்சினு கீறியா?" என்று பெயின்ட் ஷாப்காரரைக் கேட்டார்கள். கேன்டீனில் பிரியாணி போட்டார்கள். அத்தனை பேர் என்னைப் பார்த்துச் சிரித்த நாள் அது ஒன்றுதான். எனக்கும் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். நின்று எண்ணிக்கையை எழுதிக்கொண்டேன்.

பூஜை அலமாரியைக் கடைசியாகத்தான் திறந்தார். பூட்ஸைக் கழற்றி, கற்பூரம் காட்டி, சிவப்புத் துணியை மடித்துப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு பேரிங்காக எடுத்துக்கொடுத்தார். அவர் கொடுக்க, பையன்கள் வாங்கி முற்றத்துக்குக் கொண்டுபோனார்கள். அடித்தட்டு காலியானதும் கையை உள்ளே விட்டு ஒருமுறை துழாவிப் பார்த்துவிட்டு, அவ்ளோதான் மேடம் என்றார்.

டேட்டா அடிக்கிற பெண்கள் இருவரும் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். முதல் தடவையாக ரேக்கில் இருந்ததும் தாளில் இருந்ததும் ஒன்றாக இருந்தன. எங்கே கையை வைத்துக் கேட்டாலும் சரியாக வந்தது. ஜெனரல் மேனேஜர் என் அறைக்கு வந்து, ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கைகொடுத்தார்.

பம்பாயிலிருந்து ஒருவர் வந்தார். சின்ன வயது, தணிந்த பேச்சு. நான் கம்ப்யூட்டரை ஓட்டிக்காட்டினேன். குறுக்கே பேசாமல் கேட்டார். எங்கள் குழுமத்தில் இவ்வளவு சுத்தமான கணக்கை நான் பார்த்ததில்லை என்றார். வெறும் புகழ்ச்சி இல்லை, உண்மையாகவே சொன்னார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். இந்த லைனைப் பிரித்து வடக்கே கொண்டுபோய் மாட்டி ஓடவிடச் சில மாதம் பிடிக்கும். இங்கே இருக்கிற இந்தப் பாகங்களையெல்லாம் போட்டு இப்போதே பம்பாகப் பூட்டி வைத்துவிட்டால், கோடை முழுக்க டீலர்களுக்குக் கொடுக்க வருமா? புதிதாக எதுவும் வாங்காமல்?

அந்த ஒரு பயத்தால்தான் இத்தனை நாள் தள்ளிப்போட்டோம் என்று அவரே சொன்னார். லைனைப் பிரித்தால் கோடையில் பம்பு கிடைக்காது, டீலர்கள் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்கள். வடக்கே கொண்டுபோவது என்று மேலே எப்போதோ நினைத்தாகிவிட்டது, நடுவில் இருக்கிற இந்த இடைவெளிதான் உதைத்தது என்றார். அவர் மறைத்துப் பேசவில்லை. அந்த அறையில் யாருமே யாரிடமும் எதையும் மறைக்கவில்லை.

ஜெனரல் மேனேஜர் தரையைப் பார்த்தார். நான் கேள்வியைக் கம்ப்யூட்டரில் போட்டேன். அது யோசிக்கிற நேரம் கொஞ்சம் இருந்தது, பச்சை எழுத்து மினுக்கிக்கொண்டிருந்தது. விடை என்ன வரும் என்று எனக்குத் தெரியும். முற்றத்தில் நின்று எழுதினவள் நான்தானே. பிரின்டர் கத்தி முடித்ததும் தாளைக் கிழித்துக் கொடுத்தேன். வரும். கோடை முடிந்த பிறகும் மிச்சம் இருக்கும். லைன் நிற்கவே கூடாது என்று வருஷக்கணக்காக அவர்கள் ஒளித்துவைத்தது, லைனை நிறுத்துவதற்குச் சரியாகப் போதுமாக இருந்தது.

லைன் போகப்போவது ஜெனரல் மேனேஜருக்கு முன்பே தெரியுமா என்று பல பேர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். தெரியாது என்றுதான் நினைக்கிறேன். அடுத்த வருஷம் அவருடைய வேலையும் போயிற்று.

பாகங்கள் தீருகிறவரை லைன் ஓடியது. இதுவரை ஓடியதைவிட நன்றாக ஓடியது, எதற்கும் தட்டுப்பாடு இல்லை. ஓவர்டைம்கூடக் கொடுத்தார்கள். எதற்காக இவ்வளவு அவசரம் என்று பையன்கள் கேட்க ஆரம்பித்த பிறகு, ஜெனரல் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "நீங்களே சொல்லிடுங்க மேடம். உங்க பேச்சைத்தான் அவங்க காதுல போட்டுக்கறாங்க. நான் சொன்னா கலாட்டா ஆயிடும்." முடியாது என்று சொல்லத் தோன்றவில்லை. அதுவும் என் வேலையில் ஒன்று போலத்தான் இருந்தது. என்ன வரிசையில் சொல்வது, எதை முதலில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே ஷாப்புக்குள் நடந்தேன். டீலர்கள், கோடை, வடக்கே போகப்போகிற லைன், வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கப்போகிற தொகை. எல்லாம் தமிழில், கட்டமும் இல்லை, அம்புக்குறியும் இல்லை.

கம்ப்ரஸரை நிறுத்திவிட்டுச் சுற்றி நின்றார்கள். சொன்னேன். நன்றாகவே சொன்னேன், புரியாத வார்த்தை ஒன்றுகூட இல்லை. கலாட்டா எதுவும் ஆகவில்லை. ஒரு பையன் மட்டும் பின்னால் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டான். அசெம்பிளி ஃபோர்மேன் கையில் இருந்த ஸ்பேனரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், கோட பூரா வருமான்னு அந்த பம்பாய்காரு கேட்டாருன்னு சொன்னீங்களே. வரும்னு அவருக்கு ஆரு சொன்னது?"

"நான்தான் சொன்னேன்."

"செரியான கணக்குதானே?"

"சரியான கணக்குதான்."

அவர் தலையசைத்தார். முதல் கூட்டத்தில் எல்லாரும் ஆட்டினார்களே, அந்த மாதிரி இல்லை. பையன்கள் பக்கம் திரும்பி, "மேடம் பொய் சொல்லாதுடா" என்றார். "போங்க, இன்னும் கீறத முடிச்சுட்டு லைனப் பிரிக்கணும். நாமளே பிரிப்போம். வேற எவனாவது வந்து பிரிச்சான்னா ஒடச்சுடுவான்."

அவர்கள் போனார்கள். கம்ப்ரஸர் மறுபடி ஓட ஆரம்பித்தது. அழுகை வரும் என்று நினைத்து அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். வரவில்லை. மேல்மாடிக்குப் போய், சொல்லியாகிவிட்டது என்று ஜெனரல் மேனேஜரிடம் சொன்னேன். எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று கேட்டார்.

"நம்பிட்டாங்க சார்" என்றேன்.